பிள்ளை யார் ரிட்டர்னில்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. ஊர் நூலகத்தில் இலவசமாக அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் வேலையில் நீ சேர்ந்தது பெரிய சந்தோஷம். கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் வாழும் ஜோடி வந்தால், பிள்ளையைத் தன்னைச் சார்ந்தவர் என்று ரிட்டர்னில் யார் காட்டுவது என்று கேட்டிருந்தாய். நிறையப் பேர் பணத்தைக் கோட்டைவிடும் இடம் அது.

குழந்தை வருடம் முழுக்க இருவருடனும் இருந்திருந்தால் அப்பா, அம்மா யார் வேண்டுமானாலும் காட்டலாம். அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு பிள்ளையை ஒருவர்தான் காட்ட முடியும். சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (பிள்ளைக்கான வரிச்சலுகை), பிள்ளைக்கான இ.ஐ.சி. (குறைந்த சம்பளக்காரருக்கான சலுகைத் தொகை), ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர் என்ற வரி குறைவான பிரிவு) எல்லாம் அவரோடு போய்விடும், பங்கு பிரிக்க வழியில்லை. சிலர் ஃபாரம் 8332-ஐ (பிள்ளையைக் காட்டும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் படிவம்) எடுத்துக்கொண்டு வருவார்கள். அது பிரிந்து வாழும் பெற்றோருக்கானது, இவர்களுக்கு இல்லை.

சம்பளம் அதிகம் உள்ளவர் காட்டினால்தான் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். 2025-க்குப் போட்டுப் பார். அப்பாவுக்கு 80,000 டாலர், அம்மாவுக்கு 30,000, ஒரு பிள்ளை, வாடகை முழுக்க அப்பா. அப்பா காட்டினால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டில் வரி சுமார் 2,620 குறையும், கிரெடிட் 2,200, மொத்தம் 4,820. இ.ஐ.சி. அவருக்கு வராது, ஒரு பிள்ளைக்கு 50,434-ஐத் தொட்டாலே நின்றுவிடும். அம்மா சிங்கிளாகவே (கல்யாணமாகாதவர் என்ற சாதாரணப் பிரிவில்) இருந்து பிள்ளையைக் காட்டினால் இ.ஐ.சி. சுமார் 3,260, கிரெடிட் 2,200, மொத்தம் 5,460. வீட்டுக்கு 640 டாலர் கூடுதல். சம்பளம் கொஞ்சம் மாறினால் முடிவு தலைகீழாகிவிடும். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிடு.

ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். மாதம் வாடகை 1,800, மளிகை 700, கரண்ட் தண்ணீர் 200 என்றால் வருடத்துக்கு 32,400. அவர் கையிலிருந்து 16,200-க்கு மேல் போயிருக்க வேண்டும். துணிமணி, கார் தவணை, பள்ளி, மருத்துவம் இதில் சேராது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொருவராகக் காட்டலாம். ஆனால் ஒரே வீட்டுச் செலவில் இருவரும் பாதிக்கு மேல் கொடுத்திருக்க முடியாது என்பதால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் ஒருவருக்குத்தான்.

பேசிக்கொள்ளாமல் இருவரும் காட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிந்தி அனுப்பியவரின் இ-ஃபைல், பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே வந்துவிட்டது என்று திரும்பிவிடும். ஐ.பி. பின் (வரித் துறை தரும் அடையாளப் பாதுகாப்பு எண்) வைத்து அனுப்பலாம், இல்லாவிட்டால் காகிதத்தில் அனுப்ப வேண்டும். பிறகு வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து இருவருக்கும், அதே பிள்ளையை வேறொருவரும் காட்டியிருக்கிறார் என்று சொல்லும் சி.பி. 87ஏ கடிதம் வரலாம். ஒருவர் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தினால் முடிந்தது. இருவரும் விடாப்பிடியாக நின்றால், பிள்ளை இருவருடனும் ஒரே அளவு நாள் இருந்த நிலையில், ஏ.ஜி.ஐ. (சில கழிவுகள் போக ரிட்டர்னில் வரும் வருமானம்) அதிகமுள்ளவருக்கே போகும், மேலே சொன்ன வீட்டில் அது நஷ்டம். அனுப்புவதற்கு முன் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசிவிடு.

பிள்ளை அம்மாவுக்கு மட்டும் சொந்தம், கூட வாழ்பவர் அப்பா இல்லை என்றால் கதையே வேறு. அந்தக் கூட வாழ்பவருக்கு சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் இ.ஐ.சி.யும் கிடையாது. பிள்ளை வருடம் முழுக்க அந்த வீட்டில் இருந்து, பிள்ளையின் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் அவர் கொடுத்து, அம்மாவுக்கு ரிட்டர்ன் போடும் கட்டாயமே இல்லாவிட்டால் 500 டாலர் கிரெடிட் கிடைக்கலாம். அம்மா வரிப்பிடித்தத்தைத் திரும்பப் பெற மட்டும் ரிட்டர்ன் போட்டால் பரவாயில்லை, இ.ஐ.சி. கேட்டுப் போட்டால் அந்த 500 போய்விடும்.

இன்னொன்று, முதலிலேயே கேட்டுவிடு. டெக்சஸ், கொலராடோ போன்ற மாநிலங்களில் சடங்கும் பதிவும் இல்லாமலே கணவன் மனைவியாக வாழ்ந்தால் சட்டப்படி கல்யாணமாகிவிடும். அப்படியானவர்கள் ஃபெடரல் வரிக்கும் தம்பதிதான், சிங்கிள் என்று போடக்கூடாது.

சந்தேகமான கேஸ் வந்தால் இருவரின் டபிள்யூ-2 (சம்பளச் சான்று) தொகையையும் வாடகையையும் எழுதி அனுப்பு, பெயர் வேண்டாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி