குழந்தை தூக்க வராதே, துணி மடிக்க வா

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி அறுவைக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் எனக்கே கால்வலி குறைந்த மாதிரி இருந்தது. பேரன் கணக்கில் முட்டை வாங்கினான் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு டீச்சர் பாட்டி இருந்தும் இப்படியா என்று யாரும் கேட்கவில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் பத்து நாள் வந்து தங்குகிறேன், நீ போகிற குழந்தைகள் இல்லத்துக்கு என்னையும் கூட்டிப் போ, அதுகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சினால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லிக்கொண்டுதான் அந்த வாசலில் போய் நின்றேன். வா விஜி. ஆனால் குழந்தை தூக்க வராதே. கோபித்துக்கொள்ளாமல் மீதியையும் படி.

முதல் நாள் உள்ளே போகும்போது அழுகைச் சத்தம் காதைப் பிளக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். 11 தொட்டில், 11 கைக்குழந்தைகள். பினாயில் வாசனை, பளிச்சென்ற தரை, தலைக்கு மேல் மின்விசிறி. சத்தமே இல்லை. ‘என்ன சமத்துப் பிள்ளைங்க’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ‘அழுதா யாராவது வருவாங்கன்னு தெரிஞ்ச பிள்ளைதான் டீச்சர் அழும்’ என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

இரண்டாவது நாள் இன்னொன்றைப் பார்த்தேன். துண்டைச் சுருட்டிக் குழந்தையின் நெஞ்சில் வைத்து, அதில் பால் புட்டியைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை தானாகக் குடித்துக்கொண்டிருந்தது. பால் புரையேறினாலும் பார்க்க ஆளில்லை. மல்லாந்தபடியே குடித்தால் காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரிந்த சங்கதி. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆயாவைக் கன்னாபின்னாவென்று திட்டியிருப்பேன். நல்ல வேளை, கணக்கு புத்தி குறுக்கே வந்தது.

நீயும் போட்டுப் பார். ஒரு குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடவைக்க 20 நிமிடம். ஒரு நாளைக்கு 8 வேளை. 11 குழந்தைக்கு 1,760 நிமிடம். அதாவது 29 மணி 20 நிமிடம். எந்நேரமும் இரண்டு ஆயாக்கள் இருக்கிறார்கள் என்று வைத்தால் கையில் இருப்பது மொத்தம் 48 மணி நேரம். மிச்சமுள்ள 18 மணி 40 நிமிடத்துக்குள் குளிப்பாட்ட வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், உலர்த்தி மடிக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அவர்களும் இரண்டு வாய் சாப்பிட வேண்டும். அந்தத் துண்டைச் சுருட்டி வைத்தது கல்நெஞ்சம் இல்லை விஜி, வகுத்தல் கணக்கு.

1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் நம் சேலத்தில்தான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? நம் பள்ளி ஓய்வறையில் அதைப் பற்றி எத்தனை நாள் வாதாடினோம்! தொட்டிலில் கொண்டு வந்து போடுகிறவளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். போட்ட பிள்ளையை மறுநாள் யார் மடியில் வைப்பார்கள் என்று நம்மில் ஒருத்தி கூடக் கேட்கவில்லை.

என் மகள் படிக்கச் சொல்லி அனுப்பியதில் இரண்டு விஷயம் மனதில் தைத்துவிட்டது. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1940களில் இரண்டு இடங்களை ஒப்பிட்டிருக்கிறார். ஒன்று, சுத்தமும் சாப்பாடும் குறைவில்லாத அநாதைக் குழந்தைகள் இல்லம்; எட்டுப் பிள்ளைக்கு ஒரு நர்ஸ் என்கிற கணக்கு. இன்னொன்று, சிறையில் இருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்த்துக்கொண்ட காப்பகம். இல்லத்தில் 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டே வருடத்தில் இறந்துபோனார்கள். சிறைக் காப்பகத்தில் ஒன்று கூடச் சாகவில்லை. இதைப் படித்த அன்று பினாயில் வாசனையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இன்னொன்று ஹங்கேரியில் நடந்தது. போர் முடிந்த கையோடு, 1946இல், எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் புடாபெஸ்டில் லோட்சி என்ற தெருவில் ஓர் இல்லம் தொடங்கினார். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பிள்ளைகளைப் பொட்டலம் மாதிரிப் புரட்டிப் போட்டு வேலை முடித்த நர்ஸுகளை அனுப்பிவிட்டு, பயிற்சியே இல்லாத இளம்பெண்களை வேலைக்கு வைத்தார். ஒவ்வொருத்திக்கும் அவள் பொறுப்பில் சில குழந்தைகள். தூக்கும் முன் ‘உன்னைத் தூக்கப் போகிறேன்’ என்று குழந்தையிடமே சொல்ல வேண்டும். குளிக்கும்போதும் பால் குடிக்கும்போதும் அந்த ஒரு பிள்ளைதான் உலகம். அடுத்தது யார் என்பதும் தினமும் ஒரே வரிசை. அதனால் காத்திருக்கிற பிள்ளைக்கும் தன் முறை வரும் என்று தெரியும்.

நம் இல்லத்தில் எப்படித் தெரியுமா இருந்தது? ஒரு ஆயா 11 பேருக்கும் பால், இன்னொருத்தி 11 பேருக்கும் குளியல். வேலையைப் பிரித்திருந்தார்கள். பிள்ளையைப் பிரித்தால் என்ன என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். ஆளும் கூட வேண்டாம், காசும் வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குப் பாலும் குளியலும் துணியும் இந்த ஆயாதான். அவள் விடுப்பு எடுத்தால் யார் என்று முன்கூட்டியே ஒரு ‘சின்னம்மா’. ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்று அரை மனதாகச் சரி சொன்னார்.

மூத்த ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. ‘கைச்சூடு பழக்கி உட்றாதீங்க டீச்சர். நீங்க மத்தியானம் போயிருவீங்க. ராத்திரி நாங்கதான் கெடந்து அல்லாடணும்’ என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை. அதனால் நானும் எல்லாப் பிள்ளையையும் கொஞ்சுவதை விட்டேன். எனக்கென்று ஒன்றே ஒன்று. திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் 12 வரை, மழையோ கல்யாணமோ, அந்த நேரத்துக்கு அங்கே இருப்பேன்.

அவள் பேரை எழுத மாட்டேன், சட்டம் அப்படி. மைனா என்று வைத்துக்கொள். 20 நாள் சிசுவாக வந்தவள். என்னிடம் வரும்போது மூன்றாவது மாதம். பின்தலை ஒரு பக்கம் தட்டையாகி, முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியையே பார்ப்பாள். நான் தொட்டில் பக்கம் குனிந்து, இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, ‘மைனா, இப்ப தூக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் நான் சொல்லி முடிக்கும் முன் தோளைக் கொஞ்சம் உயர்த்தி, கழுத்தை விறைத்து, தூக்குவதற்கு உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டாள். சிரித்த மூத்த ஆயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவர் தன் பிள்ளைகளிடம் ‘ராசா, ஆயா தூக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார்.

(காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும் எனக்கு அனுமதி கிடைத்தது. பழைய ஞாபகத்தில் மூக்கில் ஊதப் போய் நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இரண்டாவது மாதத்திலேயே அந்த அறையில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அழுகைதான். எனக்கு அது நாதஸ்வரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இளைய ஆயா ஒருத்தி சம்பளம் போதாமல் மில் வேலைக்குப் போய்விட்டாள். அவளைத் தவறு சொல்ல மாட்டேன். அவள் பொறுப்பில் இருந்த மூன்று பிள்ளைகளும் ஒரு வாரம் புட்டியைத் தட்டிவிட்டன. சின்னம்மா ஏற்பாடு இல்லையென்றால் ட்ரிப்ஸ் ஏற்றும்படி ஆகியிருக்கும்.

பிறந்தநாள் கும்பல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேக்கோடு வருவார்கள், ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்குவார்கள், கண் கலங்குவார்கள், ஒரு மணி நேரத்தில் கார் கிளம்பிவிடும். நல்லவர்கள்தான். ஆனால் ஒரு நாளில் பத்துப் புது முகம் பார்த்த பிள்ளை யார் முகத்தை நம்பும்? உன் பத்து நாளுக்கும் எனக்கு அதே பயம்தான். பதினொன்றாம் நாள் நீ ரயில் ஏறியதும் உன்னைத் தேடுகிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

எட்டாம் மாதம் மைனா புது ஆளைக் கண்டால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நான் 12 மணிக்குச் செருப்பைத் தேடினாலே உதட்டைப் பிதுக்குவாள். தத்து கொடுக்கப் போகிற பிள்ளையை இப்படி ஒட்ட வைத்தது பாவமோ என்று எத்தனையோ இரவு புரண்டு படுத்திருக்கிறேன்.

பத்தாம் மாதம் அவளுக்கு அப்பா அம்மா வந்தார்கள். வெளி மாநிலம், தமிழ் தெரியாது. மூன்று நாள் வரச் சொல்லியிருந்தோம். முதல் நாள் அந்தப் பெண் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மைனா அவளைப் பார்த்து அலறியதில் அவள் முகம் செத்துவிட்டது. நர்ஸ் இந்தியில் எடுத்துச் சொன்னாள்: ‘ஒருத்தரைப் பிடிச்சுக்கத் தெரிஞ்ச பிள்ளை உங்களையும் பிடிச்சுக்கும். யார் தூக்கினாலும் சிரிக்கிற பிள்ளைன்னாதான் நாங்க பயப்படணும்.’ இரண்டாம் நாள் நான் மடியில் வைத்துக்கொள்ள, அவள் பால் கொடுத்தாள். மூன்றாம் நாள் குளிப்பாட்டினாள், நான் தண்ணீர் மட்டும் மொண்டு கொடுத்தேன். கிளம்பும்போது என் பழைய நூல் சேலைத் துண்டு ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்பினேன். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் பேனாவால் என்னவோ எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். ‘மைனா, இப்ப தூக்கப் போறேன்’ என்பதைத் தன் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் என்று கேட்காதே.

இப்போது என்னிடம் ஒரு பையன். ஏப்பம் விடுவதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஜமீன்தார்.

அதனால் உனக்கு வேலை ஒதுக்கியாகிவிட்டது. கூடத்தில் நாற்காலி போட்டுத் தருகிறேன், முட்டியை மடக்க வேண்டாம். துவைத்த துணி மலை மாதிரி உலர்ந்து கிடக்கும். நீ ஒரு மணி நேரம் மடித்தால் ஒரு ஆயாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். மூன்று பிள்ளைகள் மடியில் படுத்துப் பால் குடிக்கும். போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள், இப்போதே மனுப் போட்டு வை. பொம்மை ஒன்றும் வாங்கி வராதே. பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறாயே, நைந்த சுங்குடிகள், அதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வா.

மே நடுவில் டிக்கெட் போடு. அதற்கு முன்னால் வந்தால் மல்கோவா கிடைக்காது, அப்புறம் என்னைத் திட்டுவாய்.

உன்,
மணி