ஜப்பான் ஜாஸ் இசைத்தட்டுகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வந்திறங்கிய ஜப்பான் ஜாஸ் ட்ரியோ (மூவர் குழு) இசைத்தட்டு மறுபதிப்புகளைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். 'தட்டு பொரிகிறது, பியானோ கிழிகிறது, எல்லாம் சி.டி.யிலிருந்து எடுத்து அச்சடித்த சரக்கு' என்பது அதன் சாரம். கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு நேரிலேயே பதில் சொல்லிவிட்டோம். வெளியூர் அன்பர்களுக்காக இந்த மடல்.

பொரியும் சத்தத்தை முதலில் பார்ப்போம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு முறை சுற்ற 1.8 நொடி ஆகும். 'டிக்' சத்தம் சரியாக 1.8 நொடிக்கு ஒரு முறை, அதே இடத்தில் விழுந்தால் அது கீறல் அல்லது அச்சுக் குறை. உடனே எங்களிடம் அனுப்புங்கள். ஒழுங்கில்லாமல் அங்கங்கே பொரிந்தால் நிலைமின்சாரமும் தூசியும்தான். புதுத் தட்டைக் காகித உள்ளுறையிலிருந்து உருவும்போதே இரண்டும் ஏறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால், லேபிளில் ஈரம் படாமல், ஒலி பதிந்த பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு பழைய காகித உறைக்குள் திரும்பப் போட வேண்டாம். பிளாஸ்டிக் உள்ளுறை போதும்.

பியானோ கிழிவது வேறு விஷயம். சுயோஷி யமாமோட்டோ ட்ரியோவின் 'மிட்நைட் சுகர்' (1974, த்ரீ பிளைண்ட் மைஸ் நிறுவனம், தட்டு எண் டிபிஎம்-23) தட்டைத்தான் அதிகம் பேர் குறிப்பிட்டார்கள். ஒலிப்பதிவாளர் யோஷிஹிகோ கன்னாரி பியானோவின் அடியை மழுங்கடிக்காமல் அப்படியே பிடித்தவர். மெல்லப் போய்க்கொண்டிருக்கும் ப்ளூஸில் திடீரென வலது கை ஓங்கி விழும். அந்த இடத்தில் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளினால்தான் கிழிசல் கேட்கும். தட்டு தேயுமே என்று பயந்து ஊசியின் எடையைக் குறைத்து வைப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். உண்மையில் எடை குறைந்து துள்ளும் ஊசிதான் பள்ளத்தைச் சிதைக்கும். உங்களில் பலர் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் தலை) 2 கிராம் வேண்டும், 1.8-க்குக் கீழே போகக்கூடாது. ஊசிக் கையின் பின்னால் உள்ள எடைச் சக்கரத்தின் எண்ணை நம்பாமல் சின்ன டிஜிட்டல் ஊசித் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை சரியாக இருந்தும் பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் கிழிந்தால் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழே நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே போகப் போக அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் கோணத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்த 'சி.டி. சரக்கு'. உண்மையைச் சொன்னால் இதுதான் எங்களுக்கு வலித்தது. ஐம்பது வயதான மூல ஒலிநாடாக்களைக் கடல் தாண்டி அனுப்ப உரிமையாளர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. நாடாவை ஸ்டூடியோவில் உயர்தர டிஜிட்டலாக மாற்றி, அதிலிருந்து தட்டுக்கான பள்ளத்தை வெட்டுவது இன்று சாதாரண நடைமுறை. அந்தக் கோப்பு வழக்கமாக 24 பிட் நுணுக்கத்தில் இருக்கும், சி.டி. என்பது 16 பிட்தான். இரண்டும் ஒன்றல்ல. மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டிய தட்டு என்றால் உறையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். போடாத தட்டை அப்படி நாங்கள் எந்தப் பட்டியலிலும் விற்றதில்லை. பழைய பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். பின்னுறையில் உரிமையாளரின் பெயரும் ஆண்டும் இல்லாத தட்டு எங்கள் கடைக்குள் வருவதே இல்லை.

குறையுள்ள தட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. நடுத்துளை விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசிக் கை இடவலமாக ஆடும். நீண்டு ஒலிக்கும் பியானோ ஸ்வரம் நெளியும். பியானோவுக்குக் கமகம் கிடையாது, அதனால் காதுக்கே தெரிந்துவிடும். கை மேலும் கீழும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து வெயிலில் காயப்போட்டு நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அப்படியே அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.

பெயர்க் குழப்பம் ஒன்று. ரியோ ஃபுகுய் சப்போரோ பியானோக்காரர். 'மிட்நைட் சுகர்' தட்டில் பாஸ் (கீழ் ஸ்வரங்களுக்கான பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கும் இசோ ஃபுகுய் வேறு ஆள். ரியோவின் 'சீனரி' (1976) உறையில் உள்ள 'ட்ரியோ' அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர், பின்னாளில் கென்வுட் ஆனதே அந்தக் கம்பெனி. உள்ளே வாசிப்பதும் ட்ரியோதான், டிரம்ஸில் அவர் தம்பி யோஷினோரி. 'சீனரி' பிடித்தவர்கள் அடுத்து இசாவோ சுசுகியின் 'ப்ளோ அப்' (1973) கேளுங்கள். பாஸ்காரரான அவர் 'அக்வா மரீன்' பாட்டில் செல்லோவை எடுத்துக்கொள்கிறார். எங்கள் கணக்கில் அந்த ஒரு பாட்டுக்கே தட்டின் விலை தகும்.

வதந்தி வந்த பிறகும் ஆர்டரை ரத்து செய்யாமல், 'வரும்போது வரட்டும்' என்று காத்திருந்த அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் யாரும் கேட்காத பெயர்களையும் துணிந்து வரவழைக்கிறோம். கப்பல் கூலி ஏறியதால் அடுத்த பெட்டி முதல் தட்டுக்கு 350 ரூபாய் கூடும். அடுத்த பெட்டியில் யமாமோட்டோ ட்ரியோவின் 'மிஸ்டி' தட்டும் வருகிறது, முன்பதிவு திறந்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் இசைத்தட்டுக் கடையினர்

பி.கு.: யோசுகே யமாஷிதா ட்ரியோவின் 'க்ளே' (1974) வாங்கியவர்கள் கவனிக்க: பியானோ, சாக்ஸபோன், டிரம்ஸ், அவ்வளவுதான். பாஸ் வாசிப்பவரே அந்த ட்ரியோவில் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம்.