விண்டோஸ் ஓடும், டாங்கிள் ஓடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தக்கலையில் இருபது வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அம்மன் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாமே விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் மென்பொருளில்தான். கத்தாரில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது மேக்புக் ஏர் ஒன்று கொண்டுவந்து தந்தார். ஆப்பிளின் சொந்த எம்2 சிப். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது, என் கடைப் பெட்டியில் 11 ஏறவும் மாட்டேன் என்றது. நல்ல நேரத்தில் வந்தது என்று நினைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டதற்கு, "பூட்கேம்ப் இருக்குல்லா, விண்டோஸ் போட்டுத் தாரோம்" என்று மெஷினை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் "இதுல ஏறாது" என்று திருப்பித் தந்தார்கள். பார்த்ததற்கு 800 ரூபாய். பூட்கேம்ப் என்பது மேக்கில் விண்டோஸ் போட ஆப்பிள் தந்த வசதி, 2006-இல் இன்டெல் சிப் மேக்குகளுக்காக வந்தது. 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து ஆப்பிள் சிப் மெஷின்களில் அது கிடையாது. கடை நடத்துகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

அப்புறம் நானே தேடிப் பேரலல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். மேக்கிற்குள்ளேயே ஒரு ஜன்னலில் விண்டோஸ் 11 ஓடுகிறது, ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ், எம்2-வும் அந்த வகைதான். 2023-இல் மைக்ரோசாஃப்டே இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. 14 நாள் இலவசம், பிறகு காசு. விண்டோஸே போடாமல் அதன் மென்பொருளை மட்டும் ஓட்ட வைன், கிராஸ்ஓவர் என்று வேறு வழியும் உண்டு. அதில் நான் இறங்கவில்லை.

பேஜ்மேக்கர் திறந்தது. பழைய கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்தால், வில்லிசைக் குழு, வரிதாரர் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தாக நிற்கிறது, புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி! பாமினி எழுத்துருவைப் போட்டதும் சரியாகிவிட்டது. பிரின்டரை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை. பி.டி.எஃப். ஆக்கி மேக் பக்கமிருந்து அடித்தேன். அதுவும் போகட்டும்.

மாட்டிக்கொண்டது டாங்கிளில். தலைப்புக்கான அழகெழுத்தெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. டாங்கிள் என்ற விரலளவு சாவியைக் கம்ப்யூட்டரில் சொருகினால்தான் அது திறக்கும். சொருகினேன், ஏதோ சாதனம் வந்திருக்கிறது என்பதோடு விண்டோஸ் நின்றுவிட்டது. இன்டெல்லுக்கு எழுதின மென்பொருளை ஆர்ம் விண்டோஸ் உள்ளுக்குள் மொழிபெயர்த்து ஓட்டிவிடுகிறது. டிரைவரை மட்டும் அப்படி ஓட்ட முடியாது, அது விண்டோஸின் அடிமடியில் உட்காருகிறது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "அந்த டிரைவர் வராது சார், வேற கம்ப்யூட்டர் பாருங்க."

அக்கா மகன் வேலரண்ட் கேம் விளையாடலாம் என்று ஆசையாக வந்தான். "விண்டோஸ் ஓடுதுல்லா மாமா, பின்ன என்ன?" என்றான். கேம் தொடங்கவே இல்லை. அதன் ஏமாற்றுத் தடுப்பும் அதே அடிமடிக்குப் போகிற சாமான்தான். பத்தாம் வகுப்புப் பையன், எனக்கு அதில் வருத்தமில்லை.

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், மேக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். வாங்குமுன் "விண்டோஸ் ஓடுமா" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்கள் வேலைக்கு வேண்டிய டிரைவர் ஆர்மில் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ் எழுத்துருக்களை டாங்கிள் போட்டு விற்றவர்கள் புது டிரைவர் எழுதித் தர வேண்டும், முடியாவிட்டால் பூட்டையாவது எடுத்துவிட வேண்டும். காசு வாங்கித்தானே விற்றார்கள்?

இப்போதைக்குப் பழைய பெட்டியின் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அதிலேயே நோட்டீஸ் அடிக்கிறேன். மேக்கில் மச்சானோடு வீடியோ கால் பேசுகிறோம். படம் நல்ல தெளிவு.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.