பிடித்தவரும் பிடிக்காதவரும்

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. தங்கச்சிக்கு சுகர் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. இங்கே பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. வீடு முழுக்கப் பூண்டுக் குழம்பும் வசம்பும் மணக்கிறது. ராத்திரியெல்லாம் முழிப்புதான். பிடித்த சினிமா இயக்குநர் யார், பிடிக்காதவர் யார் என்று நீ கேட்டதற்குப் பதிலை அந்த முழிப்பில்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம்ம பக்கம் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பித்தது. காலடிப்பேட்டையில் உன் அத்தை வீட்டுக்கு சைக்கிளில் மூச்சு வாங்கப் போவோமே, இப்போது உட்கார்ந்து நிமிர்வதற்குள் வந்துவிடுகிறது. தண்டையார்பேட்டை அகஸ்தியா இல்லாமல் போனது மட்டும் இன்னும் ஜீரணமாகவில்லை. 1967இல் திறந்த தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். செகண்ட் ஷோ விட்டு அங்கிருந்து நடந்தே வீடு வருவோம். அந்த நடையில்தான் நம் சண்டை எல்லாம். உனக்கு பாலசந்தர், எனக்கு மகேந்திரன். உன் வீட்டு வாசலில் நின்று ஒரு மணி வரைக்கும் பேசி, உன் அம்மா எழுந்து வந்து திட்டுகிற வரைக்கும் சண்டை ஓயாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிடித்த இயக்குநர் ஒருவர், பிடிக்காதவர் ஒருவர், மழுப்பாமல் எழுது என்று கேட்டிருந்தாய். முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் மகேந்திரன் என்று எழுதியிருப்பேன். இப்போது என் பதில் பாலு மகேந்திரா. அதுவும் ஒரே ஒரு படத்துக்காக.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வீட்டின் மேல் ஒரு தளம் எடுத்தேன் அல்லவா? அப்போது பட்டதை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. முதலில் வந்த மேஸ்திரி முன்பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போனார். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. மழை வந்து நாலு மூட்டை சிமெண்ட் கல்லாகிவிட்டது. உன் தங்கச்சி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த நாட்களில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் 'வீடு' படத்தைப் போட்டேன். 1988இல் வந்த படம். அப்போது அதை நாம் இரண்டு பேரும் மெதுவாகப் போகிறது என்று சொன்னோம். பாட்டு இல்லை, சண்டை இல்லை, இளையராஜா தனியாகப் போட்ட வயலின் இசையையே பின்னணிக்கு எடுத்திருக்கிறார்கள்.

மச்சான், அது மெதுவான படமே இல்லை. குடியிருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நிலம் இருக்கிறது, பணம் இல்லை. அர்ச்சனா ஆபீசுக்கும் கடனுக்கும் அலைகிறாள். காண்ட்ராக்டர் ஏமாற்றுகிறான், அதை ஒரு சித்தாள்தான் கண்டுபிடித்துச் சொல்கிறாள். ஒவ்வொரு காட்சியிலும் கையில் இருக்கிற காசு குறைந்துகொண்டே வருவது நமக்குத் தெரிகிறது. வீடு கட்டியவனுக்கு அதைவிடப் பெரிய பதைபதைப்பு எது? அப்புறம் அந்தத் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் அரைகுறையாக நிற்கிற வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். பூச்சு இல்லாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு. வசனம் ஒன்றும் கிடையாது. கேமரா அவசரப்படாமல் அவரோடேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் செத்துப்போகிறார். என் அப்பா மேல் தளத்தைப் பார்க்காமலே போய்விட்டார் என்பது உனக்குத் தெரியும். படத்தை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய், ஈரம் காயாத தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகேந்திரனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்ததே பாலு மகேந்திராதான். கடைசியில் ரஜினி நடித்த காளி, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று தங்கை விரும்புகிற என்ஜினீயரிடம் சொல்லிக்கொண்டே தங்கையைக் கொடுக்கிறானே, அந்த இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். இவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஏழையோ, கோபக்காரனோ, கிழவனோ, படத்தில் வருகிற ஆளை மேலேயிருந்து பார்க்கமாட்டார்கள். பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

நம்ம ஊரில் பிறந்தவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வட சென்னை என்றாலே சினிமாவில் கத்திதான். என் அக்கா பையனை முதல் இன்டர்வியூவில் ஊர் எது என்று கேட்டார்கள். வியாசர்பாடி என்றான். எதிரில் இருந்தவர் சிரித்தாராம். அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன முகம் எனக்கு மறக்கவில்லை. பிறகு 2014இல் ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தபோது அவனை நானே கூட்டிப்போனேன். ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போகிற கதாநாயகன். மாடிப்படியில் வம்பு பேசுகிற அம்மாக்கள், கால்பந்து, ஒரு சுவருக்காக நடக்கிற அரசியல். வெளியே வந்ததும் பையன், "மாமா, இது நம்ம படம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ரஞ்சித்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 'சார்பட்டா பரம்பரை' 2021இல் நேராக வீட்டுக்கே வந்துவிட்டது. எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாம் கேட்ட குத்துச்சண்டைக் கதைகள் எல்லாம் அதில் உயிரோடு நடமாடின. அதைத் தியேட்டரில் ஆயிரம் பேரோடு பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

வெற்றிமாறனின் 'வட சென்னை' நல்ல படம், கேரம் போர்டும் ஜெயிலும் அவ்வளவு நுணுக்கம். மீனவர்கள் ஒரு காட்சியால் மனசு நோகிறது என்று சொன்னபோது, வருத்தம் தெரிவித்து அந்தக் காட்சியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் படம் முடிந்தபோது, மீன் ஏலம் போடுகிற பெண்ணையும் ஹார்பருக்கு ஷிப்ட் போகிறவனையும் இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. அதை 1979லேயே துரை என்று ஒருவர் 'பசி'யில் செய்தார். காகிதம் பொறுக்குகிற பெண்ணாக ஷோபா, ரிக்‌ஷாக்கார அப்பாவாக டெல்லி கணேஷ். ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. துரையின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை, அது எனக்கு வருத்தம்.

இனி பிடிக்காதவர். ஷங்கர் பெயரைச் சொல்வேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. அவர் படம் வெளியே வந்ததும் மனசை விட்டுப் போய்விடுகிறது. பிடிக்காதவர் என்றால் முள்ளாகத் தைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அப்படி நிற்பவர் பாலா.

உனக்கு அதிர்ச்சியாக இருக்கும். 1999 டிசம்பரில் 'சேது' வந்தபோது நாம் இரண்டு தடவை பார்த்தோம். 'பிதாமகன்' பார்த்துவிட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டபோது யாரும் பேசவில்லை. அவ்வளவு மதித்தவர்தான். 'நான் கடவுள்' வந்தபோது நீ கோயம்புத்தூர் போய்விட்டாய். அதற்காக அவருக்குச் சிறந்த இயக்குநர் தேசிய விருதே கிடைத்தது. பார்வையில்லாத பிச்சைக்காரப் பெண் அம்சவல்லி, கடைசியில் அவளே கேட்க, கதாநாயகன் ருத்ரன் அவளைக் கொன்று விடுதலை கொடுக்கிறான். தியேட்டரில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் பெரியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நாற்பத்திரண்டு வயதில் கண் போனது. அதற்கப்புறம் இருபது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இடியாப்பம் பிழிந்து, காசிமேடு வரைக்கும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போய் விற்றாள். ரூபாய் நோட்டை விரலால் அளந்தே எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். எம்.ஜி.ஆர். பாட்டு ரேடியோவில் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அந்தப் பெண்ணுக்குச் சாவுதான் கருணை என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

வேதனை என்னவென்றால், பாலாவுக்கு அந்த மனிதர்களைத் தெரியாமல் இல்லை. அதே படத்தில் போலீஸ் ஸ்டேஷனில் பிச்சைக்காரர்கள் வேஷம் போட்டு ஆடிச் சிரிக்கிற இடம் இருக்கிறதே, அது தமிழ் சினிமாவில் அபூர்வமான காட்சி. அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தெரிந்த கண், அவளை வாழவிட ஒரு வழியைக் காணவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல். அதற்குப் பிறகு அவர் படம் எதையும் நான் தியேட்டரில் பார்க்கவில்லை.

உன் பாலசந்தரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் 'அவள் ஒரு தொடர்கதை' மறுபடி பார்த்தேன். நாள் முழுக்க உழைத்துக் குடும்பத்தைத் தூக்குகிற சுஜாதாவைப் பார்க்கும்போது எங்கள் பெரிய அக்கா ஞாபகம்தான். வசனம் அதிகம் என்று உன்னிடம் எத்தனை நாள் வாதாடியிருப்பேன்! அக்காவுக்கும் அவ்வளவு பேச இருந்திருக்கும், நாங்கள்தான் கேட்கவில்லை. அந்தச் சண்டையில் பாதி உனக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

தை மாதம் பேரனுக்குக் காது குத்து. தங்கச்சியோடு நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. மேல் தளத்து அறை உங்களுக்குத்தான், காற்று நன்றாக வரும். அதற்குள் பதில் போடு. என்னைக் கேட்டாயே தவிர, உனக்குப் பிடிக்காதவர் யார் என்று நீ எழுதவே இல்லை.

உன் பிரியமுள்ள
மச்சான்