கேள்விப் பெட்டிக்குப் பதில் எழுத உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

போன வருஷம் மதுரையில் ஒரு கல்லூரியில் பாலியல் நலம் பற்றிப் பேச எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் அழைப்பிதழில் "பாலியல்" என்ற சொல் வரக் கூடாது என்பது நிபந்தனை. சரி என்றோம். பேசி முடித்து "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றதும் அரங்கமே தலையைக் குனிந்துகொண்டது. எங்கள் குழுவில் இருக்கும் செவிலியர் அக்காவுக்கு இது முன்பே தெரியும் போல. ஒரு காலி இனிப்புப் பெட்டியின் மூடியில் உண்டியல் மாதிரி வாய் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். பெயர் வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றார். சாப்பாட்டு வேளைக்குள் பெட்டி பிதுங்கிவிட்டது.

சில சீட்டுகளை இங்கே சொல்கிறோம். "சுய இன்பம் செய்தால் நரம்புத் தளர்ச்சி வருமா? பிள்ளை பிறக்காதா?" ஆண் பிள்ளைகளின் சீட்டுகளில் ஏறக்குறைய பாதி இதுதான், எழுத்துதான் வேறு வேறு. "பஸ் சீட்டில் எச்.ஐ.வி. ஒட்டுமா?" "மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை, கல்யாணம் ஆகாதவள் டாக்டரிடம் போனால் என்ன நினைப்பார்கள்?" ஒரே ஒரு சீட்டு நாலாக மடித்து, பென்சிலில், மிகச் சின்ன எழுத்தில்: "ரத்தப் பரிசோதனை செய்தால் அம்மாவுக்குத் தெரியவருமா?"

இந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை யார் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? நடுநிசியில் டி.வி.யில் வரும் பரம்பரை வைத்தியர் சொன்னார். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் தங்குவேன் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர் சொன்னார். இப்போது கைப்பேசி வீடியோக்கள் சொல்கின்றன. பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்யும் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இருந்து என்ன? தூக்கத்தில் விந்து வெளியேறும் சொப்பன ஸ்கலிதம் ஒரு நோயே இல்லை, அது வளரும் உடம்பின் இயல்பு என்று எட்டாம் வகுப்பிலேயே ஒருவர் சொல்லியிருந்தால், லாட்ஜ் அறை வாசலில் பையன் ஏன் ஆயிரக்கணக்கில் பணத்தோடு நிற்கப்போகிறான்?

பள்ளியில் சொல்லியிருக்கலாம். 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, 2007 வாக்கில் பல மாநிலங்கள் "நம் பண்பாட்டுக்கு ஆகாது" என்று நிறுத்திவைத்தன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் உண்டு. ரத்த தானமும் டிசம்பர் 1 எய்ட்ஸ் தினப் பேரணியும் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் நாலாக மடித்த அந்தச் சீட்டுக்கு எந்தப் பேரணியிலும் பதில் கிடைக்காது.

அதற்குப் பதில் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ஆலோசகர் தனியாகப் பேசுவார். 18 வயது நிறைந்தவர் என்றால், அவருடைய சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவை வீட்டுக்குச் சொல்லவோ கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. தொற்று பட்டிருக்குமோ என்று பயப்படுகிறவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் தேவைப்பட்டால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாரக்கணக்கில் தூங்காமல் கிடந்த ஒருவரை எங்களில் இரண்டு பேருக்கு நேரடியாகத் தெரியும்.

சட்ட விஷயமும் பேசியாக வேண்டும். முதலாமாண்டு சேரும் பலருக்கு 17 வயதுதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் "சம்மதம்" போக்சோ சட்டத்தில் சம்மதமே ஆகாது என்பது காதலிக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை என்றுதான் எங்களுக்குப் படுகிறது. அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம் என்பதும் அப்படித்தான்.

இதெல்லாம் நம் ஊருக்கு ஒன்றும் புதிதல்ல. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பட்ட மேற்படிப்பு ஆய்வுக்காக ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதித்தார். அவரும் அப்போது ஒரு கல்லூரி மாணவிதான். அவர் கூச்சப்பட்டு அந்த ஆய்வை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம்.

சரி, திட்டத்துக்கு வருகிறோம். வந்த கேள்விகளை வைத்தே 48 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பதில்களை ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர், ஒரு வழக்கறிஞர் மூவரும் வரி வரியாகப் பார்க்கிறார்கள். பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். "இனப்பெருக்க மண்டலம்" என்று ஆரம்பிக்காது. 5,000 பிரதி அச்சிட, பிரதிக்கு 22 ரூபாய் வீதம் 1,10,000 ரூபாய் ஆகும். பன்னிரண்டு கல்லூரிகளுக்குப் போய் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகவும், அப்புறம் சேர்த்தும் பேச, பயணச் செலவும் டீச் செலவுமாகக் கல்லூரிக்கு 3,500 வீதம் 42,000. மருத்துவர்கள் பணம் வாங்கவில்லை. வாரம் ஒரு நாள் உட்கார்ந்து தனியாகக் கேட்க வருகிறவர்களோடு பேச ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகருக்கு மட்டும் மாதம் 6,000 கொடுக்க வேண்டும், எட்டு மாதத்துக்கு 48,000. ஆக மொத்தம் 2,00,000. குழுவில் உள்ளவர்கள் கைக்காசு போட்டதில் 61,000 சேர்ந்திருக்கிறது. மீதி 1,39,000க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

"இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. அவர்களுக்குச் சீட்டுகளைக் காட்டினோம். ஒருவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரி போன் செய்து வேண்டாம் என்றது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

220 ரூபாய் கொடுத்தால் பத்துப் பேர் கைக்குப் புத்தகம் போகும். 3,500 கொடுத்தால் ஒரு கல்லூரி உங்கள் கணக்கு. பணம் முடியாதவர்கள் மெய்ப்புப் பார்க்கலாம், படம் வரைந்து தரலாம், தங்கள் கல்லூரியில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே வருமான வரிச் சலுகை கிடைக்காது. ஆனால் ஒரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, மாதக் கடைசியில் வரவு செலவைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். இந்தக் கடிதத்தை உங்களுக்குத் தந்த குழு உறுப்பினரிடமே பணத்தைக் கொடுக்கலாம். பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் ரசீதில் "நண்பர்" என்று எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
குழுவினர், மதுரை