ஒன்றே கால் கோடி கண்ணி

வெலிங்டன், நியூசிலாந்து,
ஆடி மாதம், ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அங்கே நீங்களும் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் நலம்தானே. போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, மீதிக்குச் சும்மா தலையாட்டிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். தங்கச்சி, நீ வாசித்துக் காட்டும்போது ரயில் ஓட்டாதே. நிறுத்தி நிறுத்தி வாசி.

போன வாரம் தங்கச்சி பையன் என் மருமகனோடு உட்கார்ந்து டிவியில் 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' தமிழில் பார்த்தீர்களாமே. பாதியிலேயே "எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டது, இதுல என்ன இருக்கு" என்று எழுந்து நகைப் பட்டறைக்குப் போய்விட்டீர்கள் என்று அவனுக்கு ஒரே கோபம். "மாமா, நீங்க அந்த ஊர்லதான இருக்கீங்க, நீங்களே தாத்தாட்ட சொல்லுங்க" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். அந்தப் படம் உருவான தெருவுக்குத் தினமும் பஸ் ஓட்டிக்கொண்டு போகிறவன் நான்.

என் பஸ் இரண்டாம் நம்பர். மேற்கே கரோரியில் எடுத்தால் ஊர் நடுவே வந்து, ஒரு பஸ் மட்டும் நுழைகிற சுரங்கத்துக்குள் புகுந்து, கிழக்கே மிராமர் வரைக்கும். சுரங்கத்துக்குள் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை, விளக்கு பார்த்துத்தான் நுழைய வேண்டும். முதல் மாதம் உள்ளே போகும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டேன். இப்போது பழகிவிட்டது. காற்றுதான் பழகவில்லை. நம்ம ஊரில் ஆனியில் குற்றாலக் காற்று அடிக்குமே, அதைப் பனிக்கட்டியில் நனைத்து வருஷம் முழுக்க வீசுகிற மாதிரி. ஆனால் மனுஷர்கள் நல்லவர்கள். இறங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகூட "தேங்க் யூ டிரைவர்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கும்.

மிராமரில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் அந்தப் படத்துக்காக வருகிறவர்கள். அங்கே ஒரு பழைய பெயிண்ட் தொழிற்சாலை இருந்தது. பீட்டர் ஜாக்சன் என்கிற இந்த ஊர் டைரக்டர் அதைத்தான் ஸ்டுடியோவாக்கிப் படம் எடுத்தார். பக்கத்திலேயே விமான நிலையம். விமானம் ஏறி இறங்குகிற சத்தத்தில் எடுத்த வசனம் எதுவும் உருப்படவில்லை, பெரும்பகுதியைப் பிறகு டப்பிங்கில்தான் பேசி ஒட்டினார்கள். தமிழில் நீங்கள் கேட்டது டப்பிங்குக்கு மேல் டப்பிங்! மூன்று படத்தையும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். 1999 அக்டோபர் 11-ல் தொடங்கி 2000 டிசம்பர் 22 வரை, 274 நாள் படப்பிடிப்பு. கதை மூன்று தொகுதி. டோல்கீன் என்கிற இங்கிலாந்துப் பேராசிரியர் எழுதி 1954, 55-ல் வெளிவந்தது. மூன்றாவது படத்துக்கு மட்டும் 11 ஆஸ்கர். சரி, இதெல்லாம் மருமகனே சொல்லியிருப்பான். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

லீவு நாளில் ஒருநாள் நானும் டிக்கெட் எடுத்து வேட்டா பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். படத்துக்கு வேண்டிய வாள், கவசம், முகமூடி எல்லாம் செய்த இடம் அது. பட்டறை என்று அவர்களும்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 'வொர்க்‌ஷாப்' என்றால் வேறென்ன. வீரர்கள் போட்டிருப்பார்களே, வளையம் வளையமாகக் கோர்த்த சட்டை, அதில் ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்வைக்கு இரும்பு. தூக்கினால் கனமே இல்லை. பிளாஸ்டிக் குழாயை மெல்லிய வளையமாக அறுத்து, வளையத்தைப் பிளந்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்து, அதற்கு மேல் உலோகப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நிஜ இரும்பைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஓடிச் சாகமுடியாதே. இப்படிக் கையால் கோர்த்த வளையம் எத்தனை தெரியுமா? ஒன்றே கால் கோடி. அதையே வருஷக்கணக்கில் செய்தவர்களுக்குக் கட்டைவிரல் ரேகையே தேய்ந்து போயிற்று என்று சொன்னார்கள்.

எனக்கு உடனே ரேஷன் கடைதான் ஞாபகம் வந்தது. மிஷினில் உங்கள் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்களே. "பெரியவரே, நல்லா தொடைச்சிட்டு வைங்க" என்று அந்தப் பையன் சொன்னான். ஐம்பது வருஷம் அரம் பிடித்து ராவின விரலில் துடைக்க என்ன இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவைக் கூட்டி வந்து அவள் விரலை வைக்கச் சொன்னீர்கள். வேட்டாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து குறட்டால் எதையோ வளைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர் நகரச் சொன்னார்.

ஒரு வித்தியாசம் உண்டு. உங்களைப் போல ஒவ்வொரு சங்கிலிக் கண்ணிக்கும் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை அவர்களுக்கு இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள்.

அடுத்து அந்தக் குள்ளர்கள், படத்தில் 'ஹாபிட்' என்பார்களே. மூன்றரை அடி ஆட்களை எங்கே பிடித்தார்கள் என்று அம்மா கேட்டாளாம். நடித்தவர்கள் எல்லாம் சாதாரண உயரம்தான் அம்மா. கன்னியாகுமரியில் சின்ன மாமா சூரியனை உள்ளங்கையில் ஏந்துகிற மாதிரி போட்டோ எடுத்து ஹாலில் மாட்டியிருக்கிறாரே, அதே வித்தைதான். தொடக்கத்தில் தாடிக்காரக் கிழவரும் குள்ளப் பையனும் வண்டியில் ஒட்டி உட்கார்ந்து வருவார்கள். நிஜத்தில் அந்தப் பையன் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். வண்டியையே அதற்குத் தகுந்தபடி கோணலாகச் செய்திருக்கிறார்கள். கேமரா இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

இதில் ஒரு சிக்கல். கேமரா ஓர் அங்குலம் நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சின்ன மாமா போட்டோவில் நீங்கள் ஓரடி தள்ளி நின்று எடுத்திருந்தால் சூரியன் அவர் காதில் போய் நின்றிருக்கும். அதனால் இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கேமரா நகரும்போது மேஜையில் ஒரு பகுதியையும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற நடிகரையும் சேர்த்தே நகர்த்தினார்கள். இந்தப் பக்கம் கேமரா போனால் அந்தப் பக்கம் ஆசாமி நகர்வார், கணக்கு பிசகாமல், டீ குடித்துக்கொண்டே. இதைக் கேட்டபிறகு அந்தக் காட்சியை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒட்டு தெரியவே இல்லை அப்பா.

குள்ளர் வீட்டையும் இரண்டு அளவில் கட்டியிருக்கிறார்கள். ஒன்று குள்ளராக நடிப்பவர்களுக்குச் சரியான அளவு. இன்னொன்று சின்னது, கிழவர் உள்ளே வந்தால் உத்தரத்தில் தலை இடிக்கிற அளவு. நாற்காலி, புத்தகம், கிண்ணம் எல்லாமே அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டிரண்டு. ஒன்றில் மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறதோ அப்படியே மற்றதிலும் ஓட வேண்டும். தூரத்துக் காட்சிகளில் குள்ளருக்குப் பதிலாக வந்தவர் கிரண் ஷா. நம்ம இந்திய வம்சம், கென்யாவில் நைரோபியில் பிறந்தவர், உயரம் நாலடி சொச்சம். அவர் முகத்தை யாரும் பார்த்திருக்கமாட்டோம், முதுகைத்தான் பார்த்திருப்போம்.

இனி மோதிரம், அந்தக் கதையே சுற்றி வருகிற மோதிரம். இதற்காகத்தான் இத்தனை சுற்றி வந்தேன்.

அதைச் செய்தவர் உங்கள் தொழில்காரர். பெயர் யென்ஸ் ஹேன்சன், டென்மார்க்கில் பிறந்து இங்கே வந்து நெல்சன் என்கிற ஊரில் கடை வைத்தவர். படக்காரர்கள் வந்து கேட்டதும் பதினைந்து மாதிரி செய்து கொடுத்தாராம். பூ வேலை, கல் வேலை ஒன்றுமில்லாத ஒரு தடித்த வளையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே, 1999-ல், அவர் இறந்துவிட்டார். மிச்சத்தை மகன் முடித்துக்கொடுத்தார்.

ஒரு மோதிரம் என்று கதையில்தான். செய்தது ஏறக்குறைய நாற்பது. ஆளுக்கு ஆள் விரல் அளவு வேறே, கழுத்துச் சங்கிலியில் தொங்குவது வேறே. காற்றில் சுழன்று வருகிற காட்சி ஒன்று வருமே, அதற்குச் செய்தது குறுக்கே 20 சென்டிமீட்டர், நம்ம வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவு. அத்தனை பெரிதைத் தங்கத்தில் செய்ய முடியாதே, வேறு உலோகத்தில் கடைந்து மெருகேற்றி முலாம் பூசினார்கள். தரையில் விழுந்து துள்ளாமல் பொத்தென்று அப்படியே கிடக்கிற காட்சிக்குக் கீழே காந்தம் வைத்தார்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டுமா என்று நீங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. அது இரும்பு மோதிரம் அப்பா.

நெருப்பில் போட்டதும் எழுத்து ஒளிர்வது மட்டும் கம்ப்யூட்டர். மோதிரத்தில் வெட்டினதில்லை. பெரிய சண்டையில் ஆயிரம் ஆயிரமாக ஓடி வருகிற கூட்டமும் அதுதான். அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தக் கூட்டத்தின் கத்தல் மனுஷக் கத்தல். 2002 பிப்ரவரியில் இந்த ஊர் ஸ்டேடியத்தில் நியூசிலாந்து - இங்கிலாந்து ஒருநாள் மேட்ச். இடைவேளையில் ஜாக்சன் மைதானத்தில் இறங்கி, திரையில் அரக்கர் பாஷையை எழுதிக் காட்டி, 25,000 பேரையும் சேர்ந்து கத்தச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார். மருமகனிடம் இதைச் சொல்லுங்கள், குதிப்பான்.

குதிரை வீரர்களிலும் நிறையப் பேர் பெண்கள். குதிரை ஏறத் தெரிந்த ஆண்கள் போதவில்லை, குதிரைப் பழக்கம் இங்கே பெண்களுக்குத்தான் அதிகம். தாடி மீசை ஒட்டி ஏற்றிவிட்டார்கள். என் பஸ்ஸில் வியாழக்கிழமை தவறாமல் ஏறுகிற ஒரு அம்மாள், எழுபது இருக்கும், கைத்தடியோடு வருவார். தெற்குத் தீவில் ட்விசல் பக்கம் போய் அப்படி நடித்தாராம். "தாடியை உரிக்கும்போதுதான் உயிர் போகும்" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்.

அம்மாவுக்கு ஒரு சேதி. அந்த எலும்பும் தோலுமான பிராணி பேசுகிற குரல், ஆண்டி செர்கிஸ் என்கிற நடிகர் அவர் வீட்டுப் பூனை ரோமத்தைக் கக்குவதைக் கேட்டுப் பிடித்தது. தொண்டை கட்டாமல் இருக்கத் தேனும் எலுமிச்சையும் இஞ்சியும் கலந்து குடித்துக்கொண்டே நடித்தார். இஞ்சிச் சாறு வேண்டாம் என்று ஓடின மகனுக்கு இந்தச் சேதி நாடு கடந்து வந்துதான் கிடைத்திருக்கிறது.

பத்து வருஷம் கழித்து இதே ஆட்கள் 'ஹாபிட்' என்று இன்னும் மூன்று படம் எடுத்தார்கள். 3டி கேமரா. அதில் பழைய கண்கட்டு செல்லாது, இரண்டு கண்ணில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிழவராக நடித்த இயன் மெக்கெல்லனைத் தனியாகப் பச்சைத் துணிக்கு நடுவே உட்காரவைத்து, கூட நடிப்பவர்களுக்குப் பதில் அவர்கள் படங்களைக் குச்சியில் நட்டு, யார் பேசுகிறாரோ அவர் படத்தில் விளக்கு எரிய வைத்தார்கள். அத்தனை பெரிய நடிகர், எழுபது வயது மனுஷர், அழுதுவிட்டாராம். அந்தப் படங்கள் எனக்கும் ஒட்டவில்லை. எதைத் தொட்டாலும் வழுக்குகிற மாதிரி இருக்கிறது. உங்கள் "எல்லாம் கம்ப்யூட்டர்" அதற்குப் பொருந்தும், கொண்டுபோய் அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்காகப் போட்ட குள்ளர் ஊர் மட்டமதா பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் இன்னமும் இருக்கிறது. இங்கிருந்து காரில் ஆறு மணி நேரம், டிக்கெட் விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நெல்சனுக்குப் போய்வந்தேன். கப்பலில் மூன்றரை மணி நேரம், பிறகு பஸ். முதல் முறையாக வேறொருவர் ஓட்ட நான் உட்கார்ந்து போனேன்.

கடையில் அந்த மோதிரத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். எங்கப்பாவுக்கும் இதுதான் தொழில், தென்காசியில் பட்டறை என்றேன். அந்தப் பெண்மணி உடனே மோதிரத்தைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினாள், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற பக்கம் அது இல்லை. போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வெளியே எப்படி உருண்டிருக்கிறதோ உள்ளேயும் அப்படியே உருண்டிருக்கிறது, ஓரமே தட்டுப்படவில்லை. அரைவட்ட அரம் போட்டால் உள்ளே கோடு விழும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். இதில் கோடே இல்லை. கேட்க வெட்கமாக இருந்தது, கேட்காமல் வந்துவிட்டேன். எப்படிச் செய்திருப்பார்கள் என்று தங்கச்சியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

காது டாக்டருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்து வேறு செலவு செய்யவேண்டாம்.

உங்கள் அன்பு மகன்