கணினி அறிவியல் துறை மாணவர்களுக்கு: சம்மர் ஆஃப் கோட், ஐசிபிசி

அனைவருக்கும் வணக்கம். திறமூல மென்பொருள் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) அமைப்புகளுக்கு நிரல் எழுதும் கூகுள் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடில் சேர நினைப்பவர்கள் இப்போதே தொடங்குங்கள். 18 வயது நிரம்பியிருந்தால் முதலாம் ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். அதுவரை காத்திருந்தால் நேரம் போதாது. பிடித்த திறமூல மென்பொருள் ஒன்றின் கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) பக்கத்துக்குப் போய், 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்களுக்கு ஏற்றது) என்று குறித்திருக்கும் ஒரு சிக்கலை எடுங்கள். ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்தினாலும் சரி, புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்புங்கள். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் கேட்கும் மாற்றங்களைப் பொறுமையாகச் செய்து கொடுங்கள். விண்ணப்பத்துக்கு அதுதான் பெரிய பலம்.

அப்புறம், ஐசிபிசி நிரலாக்கப் போட்டிக்கு அணி சேர்க்கிறோம். மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். தீர்த்த கணக்குக்கு முன்னர் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் தண்டனையாக அணியின் மொத்த நேரத்தில் 20 நிமிடம் கூடும். அதனால் வேகமாகத் தட்டச்சு செய்பவரைவிட, n = 0, n = 1 போன்ற சிறிய உள்ளீடுகளைத் தாளிலேயே போட்டுப் பார்ப்பவர்தான் அணிக்குத் தேவை. நிரல் எழுதத் தயக்கம் இருந்தாலும் கணக்கு நன்றாக வரும் என்றால் கட்டாயம் வாருங்கள், கற்றுக்கொள்ளலாம்.

விருப்பமுள்ளவர்கள் பெயரையும் ஆண்டையும் இங்கேயே போடுங்கள். அணி இல்லாதவர்களுக்கு நாங்களே ஆள் சேர்த்துத் தருகிறோம்.